வாசகர் கேள்வி – பதில்: பல்கலைக்கழகத்துக்கு விற்பதும் பல்கலைக்கழகம் வாங்குவதும்

பாலக்காடு, சித்தூர், கொல்லங்கோடு வட்டாரங்களிலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, கோவைப் பகுதிகளிலிருந்தும், ஆந்திர எல்லையிலுள்ள நகரியிலிருந்தும் வந்த கடிதங்களில், கல்வி நிறுவனங்கள் இணையவழியில் பொருள் வாங்கும் முறை பற்றியும், சுற்றுச்சூழலைக் கருதி வாங்குவது பற்றியும் கேட்கப்பட்டவற்றை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம். பதில் எழுதுபவர் ஒரு பல்கலைக்கழகத்தின் கொள்முதல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

ஐயா, வணக்கம். இரும்பு மேசை, அலமாரி செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் கொட்டேஷன் கவரை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். இப்போது எல்லாமே இ-டெண்டர் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– பட்டறை உரிமையாளர், கஞ்சிக்கோடு

எந்த நிறுவனத்துக்கு விற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நம் எல்லைப் பகுதியில் இருப்பவருக்கு வாசல்கள் மூன்று. கேரள அரசின் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் மாநிலத்தின் இ-டெண்டர் தளத்தில் அறிவிப்பு வெளியிடுகின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே 2015இல் தொடங்கப்பட்ட ஐஐடி பாலக்காடு மத்திய நிறுவனம் என்பதால், அது 2016இல் வந்த ‘ஜெம்’ எனப்படும் அரசு மின்சந்தையையும் மத்தியப் பொதுக் கொள்முதல் தளத்தையும் பயன்படுத்தும். வாளையாரைத் தாண்டிப் பாரதியார் பல்கலைக்கழகத்துக்கோ வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கோ விற்க நினைத்தால், தமிழ்நாட்டின் தளமும் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் பொருந்தும். கேரளத் தளம், தமிழ்நாட்டுத் தளம் இரண்டுக்கும் மென்பொருள் தேசிய தகவலியல் மையத்துடையதுதான் என்பதால் ஒன்றில் பழகியவருக்கு மற்றது புதிதாக இராது. ஆனால் பதிவு தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அடுத்தது டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ். இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் 2021 ஜனவரியுடன் நின்றுவிட்டது. மூன்றாம் வகுப்புதான் வாங்க வேண்டும். கையெழுத்திடுவதற்கு ஒன்று, மறையாக்கத்துக்கு ஒன்று என இரண்டும் சேர்த்து வாங்குவது நல்லது. அது ஒரு யூஎஸ்பி டோக்கனில் வரும். நம் பக்கத்தில் பலர் டோக்கனையும் பின் எண்ணையும் கம்ப்யூட்டர் சென்டர்காரரிடமே விட்டுவைத்திருக்கிறார்கள். இதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன்படி அந்த டோக்கனால் இடப்படும் கையெழுத்து உங்கள் கையெழுத்தே. தவறான விலை ஏறிவிட்டால் ‘நான் போடவில்லை’ என்று வாதாட இடமில்லை. விவரங்களை நிரப்பித் தரக் கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவின் உதவியைக் கேட்கலாம். டோக்கன் மட்டும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஏலப்புள்ளி பெரும்பாலும் இரண்டு உறைகளாகக் கேட்கப்படும். முதல் உறையில் தொழில்நுட்ப விவரமும் சான்றிதழ்களும், இரண்டாவதில் விலையும் இருக்கும். விலைக்கு அவர்களே ஓர் எக்செல் தாள் தருவார்கள். அதைப் பதிவிறக்கி, குறிப்பிட்ட கட்டங்களில் மட்டும் நிரப்பி, கோப்பின் பெயரை மாற்றாமல் திரும்ப ஏற்ற வேண்டும். பெயரில் ஒரு சொல்லைச் சேர்த்தாலும், ஒரு வரிசையை நீக்கினாலும் தளம் ஏற்றுக்கொள்ளாது. விலையைத் தவறிப்போய்த் தொழில்நுட்ப உறையில் எழுதிவிட்டால் அங்கேயே தள்ளுபடி செய்யப்படுவீர்கள். கடைசி நேரம் என்பது தளத்தின் கடிகாரப்படிதான். உங்கள் கைக்கடிகாரத்தை அது கேட்பதில்லை. இறுதி நாளுக்கு முந்தைய நாளே ஏற்றிவிடுங்கள். ஏற்றியதை நேரம் முடியும்வரை திருத்தி மறுபடியும் அனுப்பலாம்; அதுவரை உள்ளே இருப்பதை அலுவலகத்தில் எவரும் படிக்க முடியாது. திறப்பதற்குக் குறைந்தது இரண்டு அதிகாரிகள் தத்தம் டோக்கனுடன் உட்கார வேண்டும்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவு இல்லையென்றால் இன்றே செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. மத்திய நிறுவனங்களில் சிறு உற்பத்தியாளருக்கு, ஏலப்புள்ளியோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. அதோடு, உங்கள் விலை மிகக் குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வந்து, பிரித்து வாங்கத்தக்க ஆர்டரில் ஒரு பங்கைப் பெறும் வாய்ப்பும் உண்டு. வாங்கி விற்கும் வணிகருக்கு இந்தச் சலுகை கிடையாது. நீங்கள் செய்து விற்பவர் என்பதால் கிடைக்கும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் விலக்கு உண்டா என்பதை ஒவ்வொரு அறிவிப்பிலும் தனியாகப் பார்க்க வேண்டும்.

எங்கள் கல்லூரி விடுதிக்கு மின்விசிறி வாங்க வேண்டும். மின்சாரம் மிச்சப்படுத்தும் விசிறியை வாங்கலாம் என்று குழுவில் சொன்னேன். ‘எல்1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர் யாரோ அவரிடம்தான் வாங்க முடியும், இல்லாவிட்டால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம்’ என்று என் யோசனையைத் தள்ளிவிட்டார்கள். சுற்றுச்சூழலைக் கருதி வாங்குவது விதிக்கு விரோதமா?
– விடுதிப் பொறுப்புப் பேராசிரியை, சித்தூர்

விரோதமே இல்லை, அம்மா. மிகக் குறைந்த விலை என்பது, கேட்ட தகுதிகள் அனைத்தையும் நிறைவு செய்தவர்களுக்குள் குறைந்த விலை. கேட்கும்போதே ‘மின்விசிறி, 1200 மில்லிமீட்டர், 150 எண்ணம்’ என்று எழுதிவிட்டு, உறையைத் திறந்த பிறகு மின்சாரத்தைப் பற்றிப் பேசினால் தணிக்கையாளர் எதிர்க்கத்தான் செய்வார். அவர் எதிர்ப்பது நியாயமும்கூட. என்ன பொருள், எந்தத் தகுதியோடு வேண்டும் என்று கேட்கும் இன்டென்டை எழுதும் மேசையில் விட்டுப்போனதை டெண்டர் திறக்கும் மேசையில் சேர்க்க முடியாது. உங்கள் குழு பேச வேண்டிய இடம் இன்டென்ட்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். சாதாரண விசிறி 75 வாட், மின்சாரம் மிச்சப்படுத்தும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறி 30 வாட் என்று வையுங்கள். நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் ஓடினால் மொத்தம் 3,000 மணி நேரம். முன்னது 225 யூனிட்டும் பின்னது 90 யூனிட்டும் எடுக்கும். யூனிட் 7 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு ஒரு விசிறிக்கு 945 ரூபாய் மிச்சம். ஒன்று 1,600 ரூபாய், மற்றது 2,900 ரூபாய் என்றாலும் கூடுதலாகக் கொடுத்த 1,300 ரூபாய் ஒன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். ஐந்தாண்டுச் செலவைக் கூட்டினால் மலிவான விசிறிக்கு 9,475 ரூபாய், விலை கூடியதற்கு 6,050 ரூபாய். இந்தக் கணக்கை உங்கள் விடுதியின் மின்கட்டண ரசீதை வைத்து நீங்களே போட்டு, கோப்பில் முதல் தாளாகச் சேர்த்துவிடுங்கள். தணிக்கையாளர் கேட்பது காரணத்தை. அது கொள்முதலுக்கு முந்தைய தேதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, குறைந்தபட்சத் தகுதியாகவே வைத்துவிடுவது: ‘அதிகபட்ச மின்நுகர்வு இத்தனை வாட், காற்று வீச்சு இவ்வளவுக்குக் குறையாமல், ஆற்றல் திறன் அமைப்பின் நட்சத்திரக் குறியீடு இத்தனைக்குக் குறையாமல்’ என்று எழுதலாம். கூரை மின்விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு கட்டாயம் என்பதால், அதைக் கேட்பதால் போட்டி குறைந்துவிட்டது என்று எவரும் குறைகூற முடியாது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, அறிவிக்கப்பட்ட மின்சாதனங்களை வாங்கும்போது குறிப்பிட்ட நட்சத்திர அளவுக்குக் குறையாமல் வாங்கச் சொல்கின்றன. மாநிலக் கல்லூரிக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், கோப்பில் முன்மாதிரியாக மேற்கோள் காட்டலாம். இரண்டாவது வழி, விலையோடு ஆயுட்காலச் செலவையும் சேர்த்து ஒப்பிடுவது. குளிர்சாதனம், ஜெனரேட்டர், ஆய்வகத்தின் ஆழ்குளிர் பெட்டி போன்ற பெரிய சாதனங்களுக்கு இது ஏற்றது. ஆனால் எத்தனை ஆண்டு, எத்தனை மணி நேரம், யூனிட் என்ன விலை என்ற சூத்திரம் முழுவதும் டெண்டரிலேயே அச்சாகியிருக்க வேண்டும். விசிறிக்கு முதல் வழியே போதும்.

எந்த வழியானாலும் கம்பெனியின் பெயரை எழுதாதீர்கள்.

நடைமுறைக்காக இன்னும் ஒன்று. பிஎல்டிசி விசிறியைச் சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரில் இணைக்க இயலாது. பெரும்பாலும் ரிமோட்டோடுதான் வருகிறது. விடுதி அறையில் ரிமோட் ஒரு பருவத்தைத் தாண்டுமா என்று விடுதிக் காப்பாளரைக் கேட்டுப் பாருங்கள். சுவரிலேயே வேகத்தை மாற்றும் வசதி வேண்டும் என்பதையும், மின்னணுப் பலகை பழுதானால் இத்தனை நாளுக்குள் வளாகத்துக்கே வந்து சரிசெய்ய வேண்டும் என்பதையும் இன்டென்டில் சேர்த்துவிடுங்கள். பலகை எரிந்து, மாற்றுப் பலகை கிடைக்காமல் மூன்றாம் ஆண்டில் குப்பைக்குப் போகும் விசிறியால் மின்சாரமும் மிஞ்சாது, பணமும் மிஞ்சாது.

குடும்பஸ்ரீ மகளிர் குழுவாகப் பாக்குமட்டைத் தட்டும் துணிப் பையும் செய்கிறோம். பல்கலைக்கழகக் கருத்தரங்குகளுக்கும் கேன்டீனுக்கும் கொடுக்க முடியுமா? டெண்டர் என்றாலே பயமாக இருக்கிறது.
– குழுச் செயலாளர், எருத்தேன்பதி

கருத்தரங்குக்கு 200 துணிப் பை வேண்டும் என்றால், அதற்குப் பெரும்பாலும் டெண்டர் தேவைப்படாது. சிறு தொகைக்கு நேரடியாகவோ கொட்டேஷன் பெற்றோ வாங்கும் அதிகாரம் துறைத் தலைவருக்கு உண்டு. ஆகையால் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியது கருத்தரங்கை நடத்தும் துறையை. மாதிரியையும், விலையும் ஒரு நாளைக்கு எத்தனை செய்ய முடியும் என்பதும் எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு வாருங்கள். மத்திய நிறுவனங்களை நோக்கினால், ஜெம் தளத்தில் பெண் தொழில்முனைவோருக்கும் மகளிர் குழுக்களுக்கும் ‘வுமானியா’ என்ற தனிப் பகுதி 2019 முதல் இருக்கிறது. நுண், சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டிய 25 சதவீதத்தில் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு என்று மத்திய அரசின் கொள்முதல் கொள்கையும் சொல்கிறது.

கேன்டீன் வேறு விஷயம். அங்கே தட்டு வாங்குபவர் பல்கலைக்கழகம் அல்லர், கேன்டீனைக் குத்தகைக்கு எடுத்தவர். அவருடைய ஒப்பந்தத்தில் ‘ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கூடாது’ என்று மட்டும் இருந்தால் – கேரளத்தில் 2020 ஜனவரி முதலே அதற்குத் தடை இருக்கிறது – அவர் மெழுகு பூசிய காகிதத் தட்டுக்குப் போய்விடுவார். கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர் தட்டே முதல் விதி, வெளியே எடுத்துச் செல்லும் உணவுக்கும் பெரிய நிகழ்ச்சிக்கும் மட்டும் மட்டைத் தட்டு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும். உங்கள் வியாபாரம் இதனால் குறையும் என்று தோன்றலாம். ஆனாலும் தினசரிச் சாப்பாட்டுக்கு, எந்தப் பொருளால் ஆனதானாலும், வீசி எறியும் தட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சப்ளை செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆடி மாதச் சாரலில் மட்டை முழுதாகக் காயாமல் அழுத்தினால், கட்டுப் பிரிக்கும்போது உள்தட்டுகளில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருக்கும். ஸ்டோர்ஸில் கட்டின் நடுவிலிருந்து உருவித்தான் பார்ப்பார்கள். மழைக்காலத்துக்கான இருப்பைக் கோடையிலேயே செய்து வைத்துவிடுங்கள்.

டெண்டர் ஆவணங்கள் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோதான் இருக்கின்றன. கேரளத்துத் தமிழர்களான நமக்குத் தமிழில் கேட்க உரிமை இல்லையா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

மொழிச் சிறுபான்மையினர் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில், அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழரும் கன்னடரும் தத்தம் மொழியில் எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள அலுவல் மொழிச் சட்டம் இடம் தருகிறது. தொழில் மையத்துக்கும் பஞ்சாயத்துக்கும் தமிழில் தாராளமாக எழுதுங்கள். பல்கலைக்கழகமோ தன்னாட்சி அமைப்பு. டெண்டர் ஆவணமோ பின்னர் ஒப்பந்தமாக மாறக்கூடியது. ஆவணம் எந்த மொழியில் கேட்கிறதோ அந்த மொழியில் ஏலப்புள்ளி கொடுப்பதே பாதுகாப்பு. உரிமைக்கான கோரிக்கையைத் தனியாக வையுங்கள். ஏலப்புள்ளியோடு சேர்த்து அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கேரளத்தில் கடை, ஆர்டர் தருவது கோவைக் கல்லூரி. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் நான் சப்ளை செய்யலாமா?
– எழுதுபொருள் வணிகர், வேலந்தாவளம்

கூடாது. விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்க ஜிஎஸ்டி சட்டம் அனுமதிப்பதில்லை. கடைக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஒரு பாலம்தான் இருக்கிறது என்பது சட்டத்தின் கண்ணில் படாது. வழக்கமான பதிவுக்கு மாறிவிட்டு ஏலப்புள்ளி கொடுங்கள். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், சரக்கை எடுத்துச் செல்வதற்கான இ-வே பில்லும் வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தின் மூலையில் பழைய கணினிகள் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. ஏலம் விட்டால் கல்லூரிக்குப் பணம் வருமே, ஏன் விடுவதில்லை?
– முதுகலை மாணவர், பாலக்காடு

ஏலம் விடலாம், ஆனால் யாருக்கு விடுவது என்பதில் கட்டுப்பாடு இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இன்படி, ஓராண்டில் எந்த வேளையிலாவது 1,000 மின்னணுச் சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்திய நிறுவனம் பெருநுகர்வோர் ஆகும். ஒரு பல்கலைக்கழகம் இந்த எண்ணிக்கையை எளிதில் தாண்டிவிடும். பெருநுகர்வோர் தம் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். தெருமுனைப் பழைய இரும்புக் கடைக்காரர் அதிக விலை சொல்வார். அவர் செம்புக்காகக் கம்பியை எரிப்பார் என்பதும் நமக்குத் தெரியும். கேரளத்தில் அரசு அலுவலகங்களின் மின்னணுக் கழிவை க்ளீன் கேரளா கம்பெனி எடுத்துக்கொள்கிறது.

பொருள் குவிவதற்கு உண்மையான காரணம் விதி அன்று, கோப்பு. ஸ்டாக் பதிவேட்டில் உள்ள எண்ணும் கணினியில் ஒட்டிய எண்ணும் ஒத்துப்போகாது. எந்தத் திட்ட நிதியில் வாங்கியது என்று எவருக்கும் நினைவிருக்காது. பயனற்றது என்று கையெழுத்திட்டுப் பதிவேட்டிலிருந்து கழிக்க யாரும் முன்வர மாட்டார்கள். ஆகவே அடுத்த முறை கணினி வாங்கும்போதே, பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனையை டெண்டரில் சேர்க்கும்படி உங்கள் துறையிடம் சொல்லுங்கள். பொது நிதி விதிகளில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. பழைய கணினிக்கான விலையைக் கழித்துக்கொண்டே ஏலப்புள்ளி வரும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தேர்வு மதிப்பெண்களையும் மாணவர் விவரங்களையும் மீட்க முடியாதபடி அழித்தபின்னரே கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆந்திரத்தில் 2003லேயே இ-டெண்டர் வந்துவிட்டது. அதனால் முறைகேடு ஒழிந்துவிட்டதா?
– விசைத்தறி உரிமையாளர், நகரி

டெண்டர் பெட்டியின் முன் ஆள் நிறுத்தி மற்றவர் கவரைப் போடவிடாமல் தடுக்கும் வழக்கம் போனது. அது சிறிய லாபமன்று. நகரியில் இருந்துகொண்டே விசாகப்பட்டினத்து விடுதிக்குப் போர்வை விலை கொடுக்க முடிகிறது. போகாமல் நிற்பது, ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்தாற்போன்ற விவரக்குறிப்பு. ஒரு கம்பெனியின் கையேட்டிலிருந்து மில்லிமீட்டர் மாறாமல் எடுத்த அளவுகள், வாங்கும் தொகைக்குச் சம்பந்தமில்லாத ஆண்டு விற்றுமுதல், ஏழே நாள் அவகாசம் ஆகிய மூன்றும் ஒரே அறிவிப்பில் இருந்தால் சந்தேகப்படுங்கள். ‘பசுமை’ என்ற பெயரிலும் இது நடக்கிறது. ஒருவரிடம் மட்டுமே இருக்கும் ஏதோ ஒரு தனியார் சான்றிதழைக் கட்டாயமாக்கிவிட்டால் முடிந்தது. ஏலத்துக்கு முந்தைய கூட்டம் இருந்தால் அதிலும், இல்லாவிட்டால் தளத்திலேயே கேள்வி கேட்கும் இடத்திலும், நிபந்தனையின் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். திறந்த பிறகு சொன்னால் தோற்றவர் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

ஒரு கல்வி நிறுவனத்துக்கு நாற்காலிகள் செய்து கொடுத்து எட்டு மாதமாகிறது. பில் இன்னும் பாஸ் ஆகவில்லை. கேட்டால் ‘இன்ஸ்பெக்‌ஷன் முடியவில்லை’ என்கிறார்கள். சண்டை போட்டால் அடுத்த ஆர்டர் வராதே என்று பயம்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொல்லங்கோடு

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. நுண், சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டம் 2006இன்படி, எழுத்தில் என்ன கெடு ஒப்புக்கொண்டிருந்தாலும், பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். ‘இன்ஸ்பெக்‌ஷன் முடியவில்லை’ என்ற பதிலுக்கும் அந்தச் சட்டத்திலேயே மறுமொழி இருக்கிறது: பொருள் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை எதுவும் சொல்லப்படவில்லை என்றால், வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். சப்ளை செய்யும் முன்பே உத்யம் பதிவு இருந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனே வழக்குக்குப் போக வேண்டாம். ஸ்டோர்ஸ் முத்திரையுடன் கூடிய டெலிவரி சலானின் நகலை இணைத்து, மேலே சொன்ன 15 நாள், 45 நாள் கணக்கை இரண்டே வரியில் குறிப்பிட்டு, நிதி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கொள்முதல் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். வட்டிப் பொறுப்பு தன் தலையில் விழும் என்று தெரிந்ததும் கோப்பு பெரும்பாலும் நகரும். நகராவிட்டால், சிறு தொழில்களின் நிலுவைப் பணப் புகார்களுக்கென மத்திய அரசு நடத்தும் இணையத்தளத்தில் விண்ணப்பித்தால், அது இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் மாநில வசதிக் குழுவுக்குப் போகும். சலானில் முத்திரையும் தேதியும் இல்லையென்றால், கடிதம் எழுதுவதற்கு முன் ஸ்டோர்ஸுக்குப் போய், வரவுப் பதிவேட்டில் உங்கள் சரக்கு எந்தத் தேதியில் ஏறியிருக்கிறது என்பதன் நகலை வாங்கிவிடுங்கள். தர மறுத்தால், அரசு சார்ந்த நிறுவனம் எனில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள்.